பேசும் மாடுகளின் அந்தப் படத்தை நாம் சரியாகப் பார்க்கவில்லையோ?

கட்டுத்தரைக்காரி:

2004-ல் வந்த டிஸ்னி படம் 'ஹோம் ஆன் த ரேஞ்ச்'. முதல் தடவை கல்லூரி விடுதியில் தோழியின் கணினியில் பார்த்தேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டேன். 'லயன் கிங்' எடுத்த இடத்திலிருந்தா இப்படி ஒரு படம் என்று அன்றைக்குக் கோபம்கூட வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை என் ஏழு வயது மகள் அவளாகவே தேடி எடுத்துப் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். மழைக் காட்சி வந்தபோது எடுத்த துணி கையிலேயே நின்றுவிட்டது. அழுதிருக்கிறேன் என்பதை மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்க மேற்கில் பேர்ல் என்ற வயதான அம்மாளின் சின்னப் பண்ணை. பாங்குக் கடன் 750 டாலர். மூன்று நாளில் கட்டாவிட்டால் பண்ணை ஏலத்துக்குப் போய்விடும். அங்கே இருக்கும் கேலோவே, கிரேஸ் என்ற இரண்டு மாடுகளும், புதிதாக வந்து சேர்ந்த மேகியும், மாட்டுத் திருடன் அலமீடா ஸ்லிமைப் பிடித்துக் கொடுத்து அந்தப் பரிசுப் பணத்தில் பண்ணையை மீட்கக் கிளம்புகின்றன. அவன் தலைக்கு வைத்திருக்கும் பரிசும் அதே 750 டாலர். ஸ்லிம் யோடல் (குரலைச் சட்டுச் சட்டென்று ஏற்றி இறக்கிப் பாடும் ஒரு வகைப் பாட்டு) பாடினால் மாடுகள் மயங்கி அவன் பின்னாலேயே போய்விடும். மாட்டை இழந்தவன் கடன் கட்ட முடியாமல் நிலத்தை விடுவான். அந்த நிலத்தை வேறு பெயரில் வந்து ஏலம் எடுப்பவனும் ஸ்லிமேதான்.

நான் காங்கேயம் பக்கம் நாலு கறவை இருந்த வீட்டில் வளர்ந்தவள். பேர்ல் தன் மாடுகளையும் கோழிகளையும் விற்க மாட்டேன் என்று சொல்வது எங்கள் அம்மா சொன்னதுதான். அம்மா சொன்னார், ஆனால் விற்க வேண்டி வந்தது. ஒரு வறட்சி வருஷத்தில் கடன் கொடுத்த இடத்திலிருந்து ஆள் வந்து வாசலில் நின்றபோது, எங்கள் செவலை சந்தைக்குப் போனது. அதை ஓட்டிக்கொண்டு போன சாயங்காலம் அம்மா வழக்கம்போலத் தவிடு கலக்கி வைத்தார். கலக்கிய பிறகுதான் ஒரு மாட்டுக்கு அதிகம் என்று தெரிந்தது.

அப்புறம் இன்னொன்று. கேலோவேக்கும் மேகிக்கும் நடக்கும் சண்டையைப் பல விமர்சனங்களில் வழக்கமான ஜோடிச் சண்டை என்றே எழுதியிருக்கிறார்கள். மாடு வளர்த்தவர்களுக்கு அது அப்படித் தெரியாது. சந்தையிலிருந்து புது மாடு வந்தால் பழைய மாடு முட்டும், தொட்டியில் வாய் வைக்க விடாது, தண்ணீர் குடிக்கப் போனால் குறுக்கே வந்து நிற்கும். மூத்தது எது என்று முடிவாகும்வரை கட்டுத்தரையில் நிம்மதி இருக்காது. இந்தப் படத்தை எழுதியவர்கள் அதைக் கவனித்திருக்கிறார்கள்.

என் கேள்வி இதுதான். இது செவலையின் ஞாபகத்தால் எனக்கு மட்டும் வந்த பாசமா? இல்லை, இது நிஜமாகவே நல்ல படமா?

பென்சில்முனை:

நல்ல படம்தான் அக்கா. நான் சென்னையில் பதினான்கு வருடமாக அனிமேஷன் வேலையில் இருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் படத்தில் ஒரு நாலு நிமிடத்தைப் போட்டுக் காட்டுவது என் வழக்கம்.

படம் வந்த நேரத்தை முதலில் பாருங்கள். 2002-ல் 'ட்ரெஷர் பிளானெட்' பெரிய நஷ்டம். 2003-ல் பிக்ஸார் கணினியில் எடுத்த 'ஃபைண்டிங் நீமோ' உலகம் முழுக்க ஓடியது. 2004 ஜனவரியில் டிஸ்னி தன் ஃப்ளோரிடா ஸ்டுடியோவை மூடுவதாக அறிவித்தது. ஏப்ரலில் இந்தப் படம். கையால் வரையும் டிஸ்னி படங்களில் இதுதான் கடைசி என்று அதற்கு முன்பே செய்தி பரவியிருந்தது. அதனால் விமர்சகர்கள் சாவு வீட்டுக்கு வருகிற மனநிலையில் வந்தார்கள். எழுபது வருட வரலாற்றுக்கு ஒப்பாரி கேட்க வந்தவர்கள் முன்னால் மூன்று மாடுகள் வந்து கேலி பேசின. யாருக்குப் பிடிக்கும்? சுமார் 11 கோடி டாலர் செலவான படம் அமெரிக்காவில் 5 கோடி மட்டும்தான் வசூல் செய்தது. 2009-ல் 'தி பிரின்சஸ் அண்ட் த ஃப்ராக்' வந்தபோது கைவரைதல் திரும்பியது. ஆனால் இந்த ஐந்து வருடத்தில் பல ஓவியர்கள் வேலை இழந்தார்கள், சிலர் கணினிக்கு மாறினார்கள்.

நான் போட்டுக் காட்டும் பகுதி ஸ்லிமின் யோடல் பாட்டு. அதுவரை செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்த படம் அங்கே திடீரென்று நிறம் மாறும். மாடுகள் பச்சையும் ஊதாவுமாகி, அணிவகுத்து, கோலப் புள்ளி மாதிரி கூடிப் பிரியும். 1941-ல் வந்த 'டம்போ'வின் ரோஜா நிற யானைகளின் பேத்திகள் இவை. மாட்டின் உடம்பை வரைவது எவ்வளவு கஷ்டம் என்று வரைந்தவனுக்குத்தான் தெரியும். பெரிய பெட்டி மாதிரி உடம்பு, குச்சிக் கால், பேசும்போது அசைய வேண்டிய தாடை. மேகியின் கனம் ஒவ்வொரு அடியிலும் தெரியும், கிரேஸ் நடந்தால் காற்றில் மிதப்பது போல இருக்கும். எடையை வைத்தே குணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். இயக்குநர்களில் ஒருவரான வில் ஃபின், 'அலாதீன்' படத்தின் கிளி ஐயாகோவுக்கு உயிர் கொடுத்தவர். அந்தச் சுறுசுறுப்பு இந்தப் படம் முழுக்க இருக்கிறது.

ராத்திரிஆட்டம்:

ஓவியத்தைப் பற்றி நான் சண்டை போடவில்லை. ஆனால் படம் என்பது ஓவியம் மட்டும் இல்லையே.

பக் என்ற குதிரையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்து மேற்கில் கராத்தே அடிக்கும் குதிரை. அது வரும் ஒவ்வொரு தடவையும் கதை நின்றுபோகிறது. மேகி அறிமுகமாகும்போதே தன் மடியைப் பற்றிப் பார்வையாளரிடம் ஒரு வசனம் பேசுகிறது. குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தவர்கள் நெளிந்தார்கள், நானும் நெளிந்தேன். மொத்தம் 76 நிமிடம்தான். அதில் குதிரைக்குக் கொடுத்த நேரத்தை பேர்லுக்குக் கொடுத்திருந்தால் நீங்கள் சொல்கிற வலி படத்தில் நிஜமாகவே இருந்திருக்கும். இப்போது அந்த வலியில் பாதியை நீங்கள் கொண்டு வந்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மெட்டுக்காரர்:

மழைக் காட்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அதில் வரும் பாட்டைப் பாடியவர் பானி ரெய்ட். இசை ஆலன் மென்கென், வரிகள் க்ளென் ஸ்லேட்டர். 1997-ல் வந்த 'ஹெர்குலிஸ்'க்குப் பிறகு மென்கென் டிஸ்னி அனிமேஷனுக்குத் திரும்பி வந்த படம் இது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலின் துக்கத்தில் இருந்தபோது எழுதிய பாட்டு அது. மறுபடி வெயில் வருமா என்று கேட்கிற அந்த மெட்டில் எந்த அலங்காரமும் இல்லை, தூக்கிப் பாடுகிற இடமும் இல்லை. பானி ரெய்டின் குரலில் இருக்கும் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோக இசை) கரகரப்பு மட்டும்தான். அக்கா கையில் துணி அப்படியே நின்றதற்குக் காரணம் அவர் வீட்டுச் செவலை மட்டும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

கட்டுத்தரைக்காரி:

எல்லாருக்கும் நன்றிங்க. ராத்திரிஆட்டம், தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. குதிரை விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. இரண்டாம் தடவையும் பக் வந்த காட்சிகளில் நான் துணி மடிக்கத்தான் செய்தேன்.

ஆனால் பாதி வலியை நான் கொண்டு வந்தேன் என்று சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடனைப் பற்றி இந்தப் படம் சொல்வது சின்ன விஷயம் இல்லை. பண்ணை போவதற்குப் பேர்லின் சோம்பல் காரணம் இல்லை, அவள் தப்பு எதுவும் செய்யவில்லை. மாட்டைத் திருடுகிறவனும் நிலத்தை வாங்குகிறவனும் ஒரே ஆள். அவன் ஏலத்தில் வைத்துக்கொள்ளும் பெயரைப் பாருங்கள், யான்சி ஓ'டெல். முதல் பெயரைச் சுருக்கி ஆங்கிலத்தில் Y. O'Dell என்று எழுதினால் யோடல் (yodel) என்றே வரும். ஏலத்துக்கு வந்தவர்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை. குழந்தைகள் படத்தில் இவ்வளவு தெளிவாக இதைச் சொல்லி நான் அதிகம் பார்த்ததில்லை. என் மகள் இதைப் புரிந்துகொண்டு, "அப்போ கஷ்டத்த கொடுத்தவனே வந்து வாங்கிக்கிறானா?" என்று கேட்டாள். நான் எதுவும் விளக்கவில்லை, படமே விளக்கியது.

கிரேஸைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். கிரேஸுக்குச் சுருதி கிடையாது. அதனால்தான் ஸ்லிமின் பாட்டு அவளை மயக்கவில்லை. மற்ற இரண்டும் கண் சொருகி நடக்கும்போது இவள் மட்டும் என்ன ஆச்சு என்று முழிப்பாள். எல்லாரும் குறை என்று நினைத்த ஒன்று அங்கே உதவுகிறது, ஆனால் படம் அதை மேடை போட்டுச் சொல்லவில்லை. மூன்றுமே இளவரசிகள் இல்லை, யாருக்கும் கல்யாணம் ஆகப்போவதில்லை. நடுவயதுப் பெண்கள் மூன்று பேர் கோபித்துக்கொண்டும் சமாதானமாகியும் நடந்து போகிற படம் இது. எங்கள் ஊரில் பால் சொசைட்டிக்குக் கேன் தூக்கிப்போன பெண்கள் இப்படித்தான் பேசிக்கொண்டு போவார்கள். விடுதியில் இருந்த வயதில் இது எனக்கு எப்படிப் பிடித்திருக்கும்!

நேற்று அம்மா வந்திருந்தார். பாப்பா விடாமல் பாட்டியையும் உட்கார வைத்துப் படத்தைப் போட்டாள். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, பாப்பாதான் சொல்லிக்கொண்டே வந்தாள். மழைக் காட்சியில் அம்மா ஒன்றும் பேசவில்லை. ஏலக் காட்சியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவர் மடக்கிக்கொண்டார். ரயிலில் மாடுகள் வந்து இறங்கியபோது பாப்பா கைதட்டினாள்.

படம் முடிந்ததும் அம்மா கேட்டது ஒரே கேள்வி. "மூணு நாளா ஊர் ஊரா சுத்துச்சே, யாரு பால் பீச்சுனாங்க? மடி கட்டிக்கிட்டு எவ்வளவு வலிச்சிருக்கும்!"