கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) மண்ணில் நிலம் சமன்செய்யும்போது காற்று அளவீடு: இரண்டு எண்களில் எதை நம்புவது?

தளப் பொறியாளர் (கேள்வி):
வணக்கம். கலிபோர்னியாவின் எல் டொராடோ கவுன்டியில், கல்நார் இயற்கையாகவே இருக்கக்கூடிய செர்பென்டைன் பாறை கலந்த ஒரு சரிவைச் சமன்செய்யும் பணியில் இருக்கிறேன். வேலியோரத்தில் ஒரே நாளில் எடுத்த காற்று மாதிரி, ஒளி நுண்ணோக்கியில் கன சென்டிமீட்டருக்கு 0.01 இழைக்கும் (அதாவது கன மீட்டருக்கு 10,000-க்கும்) குறைவு என்றும், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கன மீட்டருக்கு 18,000 இழைகள் என்றும் வந்துள்ளது. எங்கள் தூசித் திட்டத்தின் நிறுத்த வரம்பு, அதாவது தாண்டினால் பணியை நிறுத்த வேண்டிய அளவு, 16,000. முதல் எண் தொழிலாளர் வரம்பான 0.1-இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லையே, பணியை ஏன் நிறுத்த வேண்டும் என்று ஒப்பந்ததாரர் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

இழை எண்ணுபவர்:
இரண்டு எண்களும் முரண்படவில்லை. எண்ணப்பட்ட பொருள்தான் வேறு. ஒளி நுண்ணோக்கி முறையில் 5 மைக்ரானுக்கு மேல் நீண்ட இழைகளை மட்டும் எண்ணுகிறோம், ஏறத்தாழ 0.25 மைக்ரானைவிட மெல்லியவை கண்ணிலேயே படுவதில்லை, கண்ணில் படுவது கல்நாரா வேறு நாரா என்றும் அந்த முறை சொல்லாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 0.5 மைக்ரான் நீளத்திலிருந்தே கணக்கில் வருகின்றன, கனிமமும் அடையாளம் காணப்படுகிறது. மேலும், 0.1 என்பது எட்டு மணி நேரம் வேலை செய்பவரின் சட்ட வரம்பு. வேலிக்கு அப்பால் குடியிருக்கும் குழந்தைக்காக வகுத்ததன்று.

ஆனால் 18,000-ஐயும் துல்லியமான எண்ணாக எடுக்க வேண்டாம். 1,200 லிட்டர் காற்றை 385 சதுர மி.மீ. வடிகட்டி வழியே இழுத்து, 0.01 சதுர மி.மீ. கட்டங்கள் பத்தை மட்டும் பார்த்தால், 16,000 என்ற வரம்பில் ஆய்வாளர் கண்ணில் படும் இழைகள் சுமார் ஐந்தே ஐந்து. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் முடிவு மாறிவிடும். அதிகக் கட்டங்களை எண்ணும்படி ஆய்வகத்திடம் கேளுங்கள். வடிகட்டியில் தூசி அப்பியிருந்ததா என்பதையும் விசாரியுங்கள். அப்பியிருந்தால், படிந்ததை நீரில் கலக்கி வேறு வடிகட்டிக்கு மாற்றும் மறைமுகத் தயாரிப்பின்போது இழைக்கட்டுகள் உடைந்து எண்ணிக்கை பெருகக்கூடும்.

மலைச்சாரல்வாசி:
16,000 என்பது சான் பிரான்சிஸ்கோவில் முன்பு கடற்படைக் கப்பல்தளமாக இருந்த ஹன்டர்ஸ் பாயின்ட்டில் பயன்பட்ட எண். வேறு தளத்துக்குப் பெயர்த்தெடுக்கும்போது, உங்கள் கனிமம் எந்தக் கல்நார் வகை, கிரைசோடைலா, ட்ரெமோலைட்டா என்று முதலில் பார்க்க வேண்டும். உங்கள் கவுன்டியிலேயே உள்ள எல் டொராடோ ஹில்ஸில் மத்தியச் சுற்றுச்சூழல் முகமை 2004-இல் செயல்பாட்டு மாதிரி எடுத்தது. ஆட்களே ஓடி விளையாடி மண்ணைக் கிளப்ப, அவர்கள் சுவாசிக்கும் உயரத்திலேயே காற்று அளக்கப்பட்டது. வேலியோர நிலைக்கருவி மட்டும் போதாது என்று நான் கருதுவது அதனால்தான்.

ஒன்று கேட்கிறேன்: பணி தொடங்குமுன் பின்னணி அளவு எடுத்தீர்களா? இல்லையென்றால், இந்த 18,000-இல் எவ்வளவு உங்கள் புல்டோசருடையது, எவ்வளவு பக்கத்து மண்சாலையுடையது என்று யாராலும் பிரிக்க முடியாது.

தளப் பொறியாளர்:
மிக்க நன்றி. பின்னணி அளவு மூன்று நாள் எடுத்தோம். எல்லாம் மிகக் குறைவு. ஆகவே இது எங்கள் தூசிதான். ஆய்வக முடிவு கைக்கு வர மூன்று நாள் ஆகிறது. அதற்குள் அந்தத் தூசி யார் நுரையீரலில் இருக்கிறதோ!

இழை எண்ணுபவர்:
அதனால்தான் உடனுக்குடன் காட்டும் தூசிமானியைக் காற்று வீசும் பக்கத்திலும் எதிர்ப்பக்கத்திலும் வைக்கிறோம். அது கல்நாரை அறியாது. ஆனால் தண்ணீர் லாரியை எப்போது அழைப்பது என்று அந்த நிமிடமே சொல்லிவிடும். மாநில விதிப்படி எல்லையைத் தாண்டிக் கண்ணுக்குத் தெரியும் தூசி போகவே கூடாது. தளத்துக்குள் வண்டி வேகம் மணிக்கு 15 மைல். ஒப்பந்ததாரரிடம் நுண்ணோக்கியைப் பற்றி வாதிடுவதைவிட, அன்று லாரி எத்தனை நடை தண்ணீர் தெளித்தது என்ற பதிவேட்டைக் கேளுங்கள்.