'என்கேஜ்' நிலைக்குத் தமிழ்: 'அணுக்கக் கண்காணிப்பு' பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

இங்கிலாந்து, வேல்சின் 43 காவல் படைகளை மதிப்பிடும் அரசத் தணிக்கை அமைப்பு, மிகவும் பின்தங்கிய படையை 'என்கேஜ்' நிலைக்கு மாற்றுகிறது. செய்தித்தாள்கள் இதை 'ஸ்பெஷல் மெஷர்ஸ்' என்கின்றன. 'சிறப்பு நடவடிக்கை' என்று எழுதினால், போலீசார் ரவுடிகளைப் பிடிக்கக் கிளம்பியதாகத்தான் வாசகர் நினைப்பார். எனவே 'அணுக்கக் கண்காணிப்பு' என்று முன்மொழிகிறேன்.

எல்லாப் படைகளும் இயல்பாக 'ஸ்கேன்' நிலையில் இருக்கும். தணிக்கையில் பெருங்குறை தெரிந்து, அதைப் படை தானே சரிசெய்துகொள்ளாது என்ற நிலை வந்தால்தான் 'என்கேஜ்'. அதன்பின் படை ஒரு திருத்தத் திட்டம் தரவேண்டும். செயல்திறன் மேற்பார்வைக் குழுவின் முன் படைத் தலைவர் வந்து முன்னேற்றத்தை விளக்கவேண்டும். உள்துறை, காவல் கல்லூரிப் பிரதிநிதிகளும் அக்குழுவில் இருப்பார்கள்.

எடுத்துக்காட்டாகப் பெருநகர் மான்செஸ்டர் காவல் படையைப் பாருங்கள். வந்த புகார்களையும் பதிவான குற்றங்களையும் ஒப்பிட்ட தணிக்கையாளர்கள், ஓராண்டில் சுமார் 80,000 குற்றங்கள் பதிவாகவே இல்லை என்று 2020 டிசம்பரில் மதிப்பிட்டார்கள். ஐந்தில் ஒன்றுக்கும் மேல்! பதிவு இல்லையென்றால் பாதிக்கப்பட்டவருக்கு விசாரணையும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. படைத் தலைவர் அம்மாதமே விலகினார்.

---

ஐயா, 'அணுக்கம்' அருமை. 'கண்காணிப்பு' வேண்டாம். நம்மிடம் காவல் கண்காணிப்பாளர் ஒரு பதவி. போதாததற்கு, போலீசார் குற்றவாளிகள்மேல் வைப்பதும் கண்காணிப்புதான். இங்கே போலீசாரே பார்க்கப்படுகிறார்கள். 'அணுக்க மேற்பார்வை' என்றால் குழப்பமில்லை. 'ஸ்கேன்' நிலை 'பொது மேற்பார்வை' ஆகட்டும். இதே காரணத்தால் 'இன்ஸ்பெக்டரை' ஆய்வாளர் என்னாமல் நீங்கள் தணிக்கையாளர் என்றது சரி. படைத் தலைவரான 'சீஃப் கான்ஸ்டபிளை' யாரும் தலைமைக் காவலர் ஆக்கிவிடாதீர்கள், அது ஏட்டு!

'தலையீடு' என்ற சொல்லையும் தவிர்ப்போம். தணிக்கை அமைப்புக்குப் படையை நடத்தவோ தலைவரை நீக்கவோ அதிகாரமில்லை. அவரைப் பதவி விலகச் சொல்லும் அதிகாரம், 2011 சட்டப்படி, மக்கள் தேர்ந்தெடுத்த காவல், குற்றத்தடுப்பு ஆணையரிடம் இருக்கிறது. மான்செஸ்டரில் அந்த அதிகாரங்கள் மேயருக்கு. தணிக்கை அறிக்கைக்கு 56 நாளில் வெளிப்படையாகப் பதில் தரவேண்டியவரும் ஆணையரே. அதிகாரம் இப்படிப் பிரிந்திருப்பதால்தான் திருத்தம் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது என்பது என் கருத்து.

---

ஏற்கிறேன். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "லண்டன் பெருநகரக் காவல் படை 2022 ஜூனில் அணுக்க மேற்பார்வைக்குள் கொண்டுவரப்பட்டு, 2025 ஜனவரியில் விடுவிக்கப்பட்டது." தடங்கலின்றி ஓடுகிறது. பெருங்குறை கண்டால் தணிக்கையாளர்கள் எழுதும் 'காஸ் ஆஃப் கன்சர்ன்' என்பதற்குக் 'கடுங்குறை' போடலாமா? அதற்கும் கீழ்ப்படியான குறைக்கு 'திருத்தற்குரியது' என்று வைத்திருக்கிறேன். மாற்று இருந்தால் எழுதுங்கள்.