வாக்கெடுப்பில் முன்னணி, ஆனால் சீடிங் இல்லை: ஏன்?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (சாக்கர்) பயிற்சியாளர்கள் வாக்களித்துத் தரும் தரவரிசையில் முதல் 16-க்குள் இருக்கும் ஆண்கள் அணிக்கு என்சிஏஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) நடத்தும் பருவ இறுதிப் போட்டியில் சீடிங், அதாவது முன்னணி அணி என்ற தரநிலை, கிடைக்காமல் போவது எப்படி?

பதில் 1: அந்த வாக்கெடுப்பை, போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு கணக்கில் எடுப்பதில்லை. பார்ப்பது ஆர்பிஐ (வெற்றி விகிதத்தையும் எதிரணிகளின் பலத்தையும் சேர்த்துக் கணக்கிடும் எண்) போன்ற அளவுகோல்களை. அடிப்படைச் சூத்திரத்தில் சொந்த வெற்றி விகிதத்துக்கு 25%தான். எதிரணிகளின் விகிதத்துக்கு 50%, அவற்றின் எதிரணிகளுக்கு 25%. பலவீனமான அணியை 6-0 என வென்றாலும் ஆர்பிஐ இறங்கலாம், கோல் வித்தியாசத்துக்கு அதில் இடமே இல்லை. அட்டவணை போடும்போதே பாதித் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது!

பதில் 2: டிராவையும் கவனியுங்கள். 2022 முதல் வழக்கமான பருவத்தில் கூடுதல் நேரம் கிடையாது, அதனால் டிரா பெருகிவிட்டது. டிரா முழு வெற்றியாகக் கணக்கில் வராது, வெற்றி விகிதம் குறையும். 48 அணிகளில் சீடிங் பெறும் 16-க்கு முதல் சுற்று பை உண்டு, அதாவது அந்தச் சுற்றில் ஆடாமலே அடுத்ததற்குப் போகலாம். 17-ஆவதாக நின்றால் ஓர் ஆட்டம் அதிகம். அந்தக் களைப்பு சாதாரணமில்லை.

கேள்வி கேட்டவர்: பெண்கள் ஹாக்கியிலும் (ஐஸ் ஹாக்கி அல்ல, ஃபீல்டு ஹாக்கி) இப்படித்தானா?

பதில் 1: அங்கே இன்னும் நெருக்கடி. மொத்தமே 18 அணிகள். பாதிக்கு மேற்பட்ட இடங்கள் கான்ஃபரன்ஸ் (கல்லூரிகளின் லீக் குழு) சாம்பியன்களுக்கே போய்விடும்.