குடலிறக்கமும் பெருந்தமனி வீக்கமும்: சித்தப்பாவுக்கும் ஸ்கேன் பார்க்கணுமா?

அப்பாவுக்கு 68 வயது, மதுரையில் இருக்கிறார். நாற்பது வருடம் பீடி பிடித்தவர், விட்டு ஆறு வருடம் ஆகிறது. 2016-இல் வலது பக்கக் குடலிறக்கத்துக்கு மெஷ் வைத்தார்கள், 2021-இல் இடது பக்கம். போன மாதம் தொப்புளுக்கு மேலே புதிதாக ஒரு புடைப்பு. இருமும்போதெல்லாம் உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்கிறார், வேட்டியைக்கூட இறக்கித்தான் கட்டுகிறார். அதற்காக எடுத்த அல்ட்ராசவுண்டில் வயிற்றுப் பெருந்தமனி (இதயத்திலிருந்து வயிறு வழியாக இறங்கும் பெரிய ரத்தக்குழாய்) 4.1 செ.மீ. விட்டத்துக்கு வீங்கியிருப்பதாக வந்தது. வலி எதுவும் இல்லை.

சிடி ஆஞ்சியோவும் எடுத்தாயிற்று, அதே அளவுதான். ஆண்களுக்குப் பொதுவாக 5.5 செ.மீ. வரை கண்காணித்தால் போதும், வருடம் ஒரு ஸ்கேன் என்றார் ரத்தநாள மருத்துவர். பிரஷர், கொழுப்பு மாத்திரை ஓடுகிறது. குடலிறக்கம் பார்த்தவரிடம் இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், சிரித்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

நான் படித்தவரை, வயிற்றுச் சுவர், ரத்தக்குழாய்ச் சுவர் இரண்டுக்கும் உறுதி தருவதில் கொலாஜன் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு, புகை அதைக் கெடுக்கிறது. பெருந்தமனி வீக்கத்துக்கு வயிற்றைத் திறந்து அறுவை செய்தவர்களுக்குத் தையல் இடத்தில் குடலிறக்கம் வருவது, அதே ரத்தக்குழாயில் அடைப்புக்காகச் செய்தவர்களைவிட அதிகமாம். ஆனால் தொடை இடுக்குக் குடலிறக்கத்துக்கும் இந்த வீக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை.

இப்போது கவலை சித்தப்பா. 63 வயது, இன்னும் சிகரெட், அவருக்கும் குடலிறக்கம். கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்லடா" என்கிறார்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த வீக்கம் தெரிந்தபின், அறிகுறி இல்லாத உடன்பிறந்தவருக்கு எந்த வயதில் ஸ்கேன் பார்க்கச் சொன்னார்கள்?