வீடு விற்பது, பவர் கொடுப்பது, கடன் மாற்றுவது: தோகா தம்பிக்குப் பதில்

வணக்கம் சொந்தங்களே,

போன வாரம் தோகாவிலிருந்து வாசகத் தம்பி ஒருவர் மூன்று கேள்வி கேட்டிருந்தார். தன் அப்பா பெயரில் ஊரில் இருக்கும் வீட்டை விற்க எல்லோரும் நேரில் வர வேண்டுமா, வரி எவ்வளவு பிடிப்பார்கள், சென்னை ஃபிளாட்டின் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாமா. நான் வக்கீல் இல்லை. சிங்கப்பூரில் இருந்துகொண்டு எங்கள் வடக்குத் தெரு வீட்டை விற்று முடிக்கப் பதினான்கு மாதம் அலைந்தவன், அவ்வளவுதான். அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

தம்பி கேட்காத ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். வீடு இப்போது யாருடையது? பட்டா அப்பா பெயரில் இருக்கிறது, அதனால் எங்களுடையது என்றுதான் நாங்களும் நினைத்தோம். பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு. அதை வைத்து மட்டும் உரிமை நிலைநிற்காது. பத்திரம் வேண்டும். பத்திரக்காரர் காலமாகிவிட்டால் அவருடைய வாரிசுகள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் அப்பா வடக்குத் தெரு வீட்டைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கியவர். உயில் எழுதாமல் 2009-இல் போய்விட்டார். அம்மா, நான், என் தம்பி, தங்கை என்று நான்கு பங்கு போட்டு வைத்திருந்தோம். வாங்க வந்தவரின் வக்கீல் வாரிசுச் சான்றை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்பா தவறியபோது உங்கள் அப்பத்தா இருந்தார்களா?" என்று கேட்டார். இருந்தார்கள். 2012-இல்தான் போனார்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மகன் உயில் இல்லாமல் இறந்தால் தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆக ஐந்து பங்கு. அப்பத்தாவின் ஐந்தில் ஒன்று அவர்கள் காலத்துக்குப் பிறகு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி அத்தைக்கும் மறு பாதி அப்பா வழியில் எங்கள் மூவருக்கும் வருகிறது. அத்தைக்குப் பத்தில் ஒரு பங்கு இருப்பது அத்தைக்கே அன்றைக்குத்தான் தெரியும்!

அத்தை நல்ல மாதிரி. திருச்சியிலிருந்து பதிவு நாளன்று பஸ் ஏறி வந்து கையெழுத்துப் போட்டார். எல்லா வீட்டிலும் அப்படி இருக்காது. "கட்டிக் கொடுத்தாச்சு, சீர் செய்தாச்சு" என்பதைச் சட்டம் கேட்காது. அப்பாவின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சம பங்கு 1956-லேயே வந்துவிட்டது. பூர்வீகச் சொத்திலும் தமிழ்நாடு 1989-இல் கல்யாணமாகாத மகள்களுக்குக் கொடுத்தது. 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது, 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்திவிட்டது. இதெல்லாம் இந்துக் குடும்பங்களுக்கு. பள்ளிவாசல் தெரு முஸ்லிம்களுக்கும் கோயில்பிள்ளை வீட்டாரைப் போன்ற கிறிஸ்தவர்களுக்கும் கணக்கு வேறு, அவரவர் வக்கீலைக் கேளுங்கள்.

அடுத்து வில்லங்கச் சான்று, அதாவது சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றின் பட்டியல். பதிவுத் துறையின் இணையதளத்தில் சர்வே எண் போட்டு நாமே பார்த்துக்கொள்ளலாம். ரொம்பப் பழைய காலத்துக்கு மட்டும் சார்பதிவகத்தில் மனுப் போட வேண்டியிருக்கும். பத்து வருஷத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டு "வில்லங்கம் இல்லை" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். வாங்குபவர் வங்கிக் கடன் வாங்கினால் அந்த வங்கியின் வக்கீல் முப்பது வருஷமாவது கேட்பார்.

எங்களுக்கு அங்கேதான் சிக்கியது. அப்பா 1988-இல் ஒரு சங்கத்தில் வீட்டை அடமானம் வைத்து, 1996-இல் கடைசித் தவணை வரை கட்டி முடித்திருக்கிறார். கட்டிய ரசீதெல்லாம் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஆனால் கடன் தீர்ந்தது என்ற ரசீதுப் பத்திரத்தை யாரும் பதிவு செய்யவில்லை. அதனால் முப்பது வருஷம் ஆகப் போகிற நிலையிலும் சான்றில் அடமானம் அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்தச் சங்கத்தில் பழைய லெட்ஜரைத் தேடி எடுத்து, கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவரைப் பிடித்து, சார்பதிவகத்துக்கு அழைத்து வருவதற்குள் ஐந்து மாதம் போய்விட்டது. உங்கள் வீட்டிலும் இப்படிப் பதியாத ரசீதுப் பத்திரம் இருந்தால், அந்த வேலையை இன்றைக்கே முடித்துவிடுங்கள். விற்கிற எண்ணமே இல்லாவிட்டாலும் சரி.

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள்தான் தெரியும். பதிவாகாத உயில், வாய்மொழிப் பாகம், குடியிருப்பவரின் பிடிவாதம் எதுவும் அதில் வராது. வாங்குகிறவர்கள் கீழத் தெருவில் நாலு வீட்டுத் திண்ணையில் விசாரித்துவிட்டு வாங்குங்கள். மனை கோயில் நிலமா, நத்தம் புறம்போக்கா என்பதும் திண்ணையில் சீக்கிரம் தெரிந்துவிடும்.

சரி, நேரில் வர வேண்டுமா? வேண்டாம், பவர் கொடுக்கலாம், அதாவது நமக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கலாம். மஸ்கட்டில் இருக்கும் என் தம்பி தங்கைக்குக் கொடுத்தான். இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கி, அசலை கூரியரில் அனுப்பினான். அது ஊருக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டி முத்திரையிட வேண்டும். வந்த தேதிக்கு ஆதாரமாக கூரியர் கவரைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். பதிவு நாளில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்றும் கேட்பார்கள், சமீபத்திய தேதியில். அதை முன்கூட்டியே வாங்கி வைத்து, பதிவு தள்ளிப் போய், தம்பி இரண்டாம் தடவை லீவு போட்டுத் தூதரகம் போனான். உயிரோடு இருப்பதை அவன் எத்தனை தடவைதான் நிரூபிப்பான்?

பவரில் எந்தச் சொத்து, என்னென்ன செய்யலாம், பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். "பவர் பத்திரத்திலேயே வீட்டை வாங்கிக்கொள்கிறேன், கிரயம் பிறகு பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள். பவரால் உரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் காலமானால் பவரும் போச்சு.

இப்போது வரி. வீடு 42 லட்சத்துக்குப் போனது. "50 லட்சத்துக்குக் கீழேதானே, எதுவும் பிடிக்க வேண்டாம்" என்றார் வாங்கியவர். அந்த 50 லட்சம் வரம்பு இந்தியாவில் வசிக்கும் விற்பனையாளருக்குத்தான். விற்பவர் வெளிநாட்டுவாசி என்றால் வரம்பே கிடையாது, வாங்குபவர் வரி பிடித்தே ஆக வேண்டும். பிடிக்காவிட்டால் துறை அவரைத்தான் பிடிக்கும். இந்தியாவில் இருக்கும் அம்மா, தங்கை, அத்தை மூவருக்கும் முழுப் பணம் வந்தது. ஐந்தில் ஒன்றோடு அப்பத்தா வழியில் வந்ததையும் சேர்த்து என் பங்கு 9,80,000. நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதம், அந்த வரியின்மேல் செஸ் என்ற கூடுதல் வரி, ஆக 13 சதவீதம். 1,27,400 ரூபாய் பிடித்துவிட்டுத்தான் கொடுத்தார். தம்பிக்கும் அதே.

நியாயமாக வரி லாபத்துக்குத்தான். ஆனால் லாபம் எவ்வளவு என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? அதனால் முழுத் தொகையிலும் பிடித்துவிடுகிறார்கள். விற்பதற்கு முன்பே வருமான வரித் துறையில் குறைந்த பிடித்தத்துக்கான சான்று வாங்கியிருந்தால் அவ்வளவு போயிருக்காது. அதற்குச் சில வாரம் ஆகும் என்று சோம்பல்பட்டு விட்டுவிட்டேன். பிறகு ரிட்டர்ன் போட்டேன். பழைய சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்றைய மதிப்பை அடக்கவிலையாகக் காட்ட முடிந்தது, ஒரு பகுதி திரும்பி வந்தது. பணம் என்.ஆர்.ஓ. கணக்கில், அதாவது வெளிநாட்டுவாசிகள் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் வங்கிக் கணக்கில் விழும். ஆடிட்டர் சான்றோடு ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். நம்மில் யாருக்கும் அந்த வரம்பு இடிக்கப் போவதில்லை!

ஊரில் வாங்க நினைப்பவர்களுக்கு: கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். வெளிநாட்டில் வசிக்கும் நாம் வீடும் மனையும் வாங்கலாம், வயலோ தோப்போ வாங்க முடியாது. பாஸ்போர்ட் மாறி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். அப்பாவின் வயல் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்கும்போது இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க வேண்டும்.

கடைசியாக ஃபிளாட் கடன். தாராளமாக மாற்றலாம். மாறும் வட்டியில் இருக்கிற வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கி அபராதம் வாங்கக் கூடாது. ஆனால் புது வங்கிக்குத் திரும்பவும் அசல் பத்திரம் ஒப்படைத்த ஆவணம் எழுதி, தீர்வை கட்டிப் பதிய வேண்டும். பிராசஸிங் கட்டணம், வக்கீல் கட்டணம் தனி. வட்டி வித்தியாசத்தை மட்டும் பார்க்காமல் இதையெல்லாம் கூட்டிப் பாருங்கள். நாலைந்து வருஷத் தவணைதான் பாக்கி என்றால் இருக்கிற வங்கியிலேயே வட்டியைக் குறைக்கச் சொல்லிக் கேட்பது மேல், சின்னக் கட்டணத்தில் பெரும்பாலும் செய்துகொடுப்பார்கள். மாற்றினால், பழைய வங்கியின் ரசீதுப் பத்திரம் பதிவாகிவிட்டதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கடன் தீர்ந்து முப்பது நாளுக்குள் அசல் பத்திரங்களைத் தர வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் என்பது 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. மேனேஜரிடம் அதைச் சொன்னாலே பீரோ சாவி கிடைத்துவிடும்.

தம்பி, உங்கள் அப்பத்தா இருக்கிறார்களா? அதை முதலில் எழுதுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம்.

அன்புடன்,
வடக்குத் தெரு, சிங்கப்பூரிலிருந்து