மின்கார் வர்றது காதுல விழலை: ஒலி வைக்கணுமா, வேண்டாமா?

வைகைக்கரை:
சந்துக்குள்ள மின்கார் ஊர்ந்து வரும்போது ஜனங்க எப்படி நடந்துக்கிறாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? போன் பேசிக்கிட்டே ஒருத்தர் நடுத்தெருவுல போவார். பம்பர் அவர் முழங்காலுக்கு நாலடி பின்னால இருக்கும். ஹார்ன் அடிச்சதும் துள்ளி ஒதுங்கிட்டு அவர் கேட்கிற முதல் கேள்வி: "இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு உருட்டிக்கிட்டா வர்றீங்க? டீசல் மிச்சம் பிடிக்கவா?" சிக்னல்ல நின்னா, வண்டி மக்கர் பண்ணிடுச்சுன்னு நினைச்சுத் தள்ளிவிட ஆள் வந்துடும். காருக்கடியில படுத்திருக்கிற நாய் எழுந்திருக்காது, ஏன்னா ஸ்டார்ட் பண்ற சத்தம்தான் அதுக்கு அலாரம்.

சிரிப்பு வரும்தான். ஆனா இதுக்கெல்லாம் காரணம் ஒண்ணுதான்: நம்ம ஊர்ல முதுகுப் பக்கத்தைக் காதுதான் பார்த்துக்குது. 2025 செப்டம்பர்ல மத்திய அரசு வெளியிட்ட வரைவு அறிவிப்புப்படி, 2026 அக்டோபர் 1 முதல் புது மாடல் மின்கார், பஸ், லாரிகளுக்கும், 2027 அக்டோபர் 1 முதல் ஏற்கெனவே விற்பனையில இருக்கிற மாடல்களுக்கும், மெதுவா போகும்போது ஸ்பீக்கர்ல தானா வர்ற எச்சரிக்கை ஒலி வேணும். அது சீக்கிரம் அமலுக்கு வரணும்ங்கிறது என் கட்சி.

மின்னல்ரோடு:
வைகை சார், நான் எதிர்க்கட்சி. கணக்கைப் பார்ப்போம். சத்தமில்லாத வண்டிகளுக்கான ஐ.நா. விதி 138 கேட்கிற குறைந்தபட்ச ஒலி 10 கி.மீ. வேகத்துல 50 டெசிபல், 20 கி.மீ. வேகத்துல 56, ரிவர்ஸ்ல 47. எல்லாம் 2 மீட்டர்ல அளந்தது. திறந்த வெளியில தூரம் இரட்டிப்பானா 6 டெசிபல் போயிடும். அப்போ 56ங்கிறது 4 மீட்டர்ல 50, 8 மீட்டர்ல 44. நம்ம 2000-ம் வருஷ ஒலி மாசு விதி கடைத்தெருவுக்குப் பகல்ல அனுமதிக்கிற அளவே 65. நிஜத்துல அதையும் தாண்டித்தான் இருக்கு. அந்த இரைச்சல்ல இது எங்கே கேட்கும்?

கேட்கப்போறது ராத்திரி குடியிருப்புத் தெருவுல, தூங்குறவங்களுக்கு. அங்கே வரம்பு 45. மின்வண்டி நமக்குக் கொடுத்த பெரிய நன்மையே அமைதி. அதை ஸ்பீக்கர் வச்சுக் கெடுக்கிறதுக்குப் பதிலா, சந்துல 10-க்கு மேல போகாதேன்னு டிரைவருக்குச் சொல்லணும்.

ஒலித்தச்சன்:
மின்னல் நண்பரே, எண்கள் சரி, முடிவு சரியில்லை. மொத்த டெசிபலை மட்டும் வச்சுக் கேட்குமா கேட்காதான்னு சொல்ல முடியாது. பின்னணி இரைச்சல் எந்த அதிர்வெண்ல மெலிஞ்சிருக்கோ, அங்கே ஒலிச்சா குறைஞ்ச சத்தமும் காதுக்கு எட்டும். அதனாலதான் அந்த விதி 160 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும் பட்டைகளாப் பிரிச்சு, குறைந்தது ரெண்டு பட்டையிலயாவது ஒலி இருக்கணும், அதுல ஒண்ணு 1600 ஹெர்ட்ஸ் அல்லது அதுக்குக் கீழே இருக்கணும்னு கேட்குது. வயசானவங்களுக்கு முதல்ல கேட்காம போறது உச்ச அதிர்வெண் ஒலிதான். வெறும் கீச்சுச் சத்தம் வச்சா அவங்களுக்குப் பிரயோஜனமில்லை.

இன்னொண்ணு, திசை. ஒத்தை "பீப்" எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு காது தடுமாறும். பல அதிர்வெண் கலந்த "ஷ்ஷ்ஷ்" வந்தா தலை சரியான பக்கம் திரும்பும். வேகம் கூடுதான்னு தெரியணும்ங்கிறதுக்காக, 5-லிருந்து 20 கி.மீ. வரைக்கும் ஒவ்வொரு கி.மீ.க்கும் சராசரியா 0.8 சதவீதமாவது சுருதி ஏறணும். 20-க்கு மேல டயர் சத்தமே போதும்.

ஜாகுவார் ஐ-பேஸ் மின்காருக்கு முதல்ல விண்கலம் மாதிரி ஒரு ஒலி செஞ்சு பார்த்தாங்க. நடந்து போனவங்க ரோட்டைப் பார்க்காம வானத்தை அண்ணாந்து பார்த்தாங்க! அதைத் தூக்கிப் போட்டுட்டு, பிரிட்டன்ல பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய் அமைப்போட சேர்ந்து சோதிச்சு வேற ஒலி அமைச்சாங்க. மனுஷங்களை நடக்கவிட்டுப் பார்க்காம, ஸ்டுடியோவுல உட்கார்ந்து இதை முடிக்க முடியாது.

மின்னல்ரோடு:
என் பயமும் அதேதான். ஒலின்னு வந்ததும் கம்பெனிகள் அதை விளையாட்டுப் பொருளாக்குது. டெஸ்லா, வெளி ஸ்பீக்கர்ல இஷ்டப்பட்ட சத்தம் போடுற வசதியைக் கொடுத்தது. அது எச்சரிக்கை ஒலியை மறைக்கலாம்னு 2022 பிப்ரவரியில அமெரிக்காவுல சுமார் 5.78 லட்சம் கார்களுக்கு ரீகால் (குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைக்கிறது) வந்துச்சு.

வைகைக்கரை:
அது ஒழுங்கா செய்யணும்ங்கிற வாதம், வேண்டாம்ங்கிற வாதம் இல்லை. 2024-ல வந்த பிரிட்டன் ஆய்வுல, 10 கோடி மைலுக்குப் பாதசாரிகள் பாதிப்பு பெட்ரோல், டீசல் வண்டியில 2.40, மின்சார, ஹைபிரிட் வண்டியில 5.16.

மின்னல்ரோடு:
அந்தத் தரவு 2013 முதல் 2017 வரைக்கும் உள்ளது. மின்வண்டி ஓட்டுறவங்கள்ல அனுபவம் குறைஞ்ச இளைஞர்கள் அதிகமா இருக்கலாம், அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னு ஆய்வாளர்களே சொல்லியிருக்காங்க. மொத்தத்தையும் அமைதி தலையில கட்டாதீங்க.

பட்டறைக்காரர்:
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். விதி வர்றது இருக்கட்டும், ஏற்கெனவே ஒலிப்பான் இருக்கிற வண்டியில அது வேலை செய்யுதா? ஸ்பீக்கர் பெரும்பாலும் முன் பம்பருக்குப் பின்னால தாழ்வாத்தான் இருக்கும். மழைக்காலத்துல சேறு அப்பிக்கும், கனெக்டர்ல தண்ணி இறங்கிப் பச்சை பூக்கும். வாட்டர் சர்வீஸ்ல பிரஷர் நாசிலை நேரா அங்கே காட்டினா ஸ்பீக்கரோட கூம்பு கிழியும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்கு எதுவும் தெரியாது.

சோதிக்கிறது சுலபம். விடியக்காலையில காலி மைதானத்துல, வண்டி போற பாதையை விட்டு 2 மீட்டர் பக்கவாட்டுல ஸ்டாண்டு போட்டு போனை வைங்க. முதல்ல சும்மா இருக்கும்போது அளங்க, அப்புறம் 10 கி.மீ. வேகத்துல கடந்து போய் அளங்க. போன் மீட்டர் துல்லியமில்லை, வித்தியாசத்தைத்தான் பார்க்கணும். 10 டெசிபலாவது ஏறலைன்னா பியூஸ், கனெக்டர், ஸ்பீக்கர்னு வரிசையா பாருங்க. ஆம்ப்ளிஃபயர் தனியா இருக்கிற ஸ்பீக்கர்னா மல்டிமீட்டர் சில ஓம் காட்டணும். எதுவுமே காட்டலைன்னா காயில் போச்சு. ஆரஞ்சு நிற வயர்ல உயர் மின்னழுத்தம் ஓடுது, அந்தப் பக்கம் கையே போகக் கூடாது.

பார்க்கிங்ல இன்னொரு ஆபத்து. பட்டனை அழுத்தினா பேட்டரி கான்டாக்டர் (பேட்டரியை இணைக்கிற சுவிட்ச்) "டக் டக்"னு ரெண்டு தட்டு தட்டும், அவ்வளவுதான். ஸ்டார்ட் ஆகலைன்னு நினைச்சு ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவங்க இருக்காங்க. "ரெடி" விளக்கு எரியுதான்னு டாஷ்போர்டைப் பார்க்கணும்.

ஒலித்தச்சன்:
அருமை. ரெடியா நிற்கிற வண்டி விஷயத்துல ஐ.நா. விதிக்கும் அமெரிக்க விதிக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. ஐ.நா. விதிப்படி நிற்கும்போது ஒலி கட்டாயமில்லை. அமெரிக்க விதி, கியரை பார்க்ல போடாம நின்னாலும் ஒலி வேணும்னு சொல்லுது, 30 கி.மீ. வேகம் வரைக்கும் நீளுது. நம்ம சிக்னல்ல வண்டிகளுக்கு நடுவுல புகுந்து கடக்கிறவங்களுக்கு அமெரிக்க முறைதான் பொருந்தும்.

மின்னல்ரோடு:
நிற்கும்போதும் சத்தமா? சிக்னலுக்கு எதிர்வீட்டுக்காரரை நினைச்சுப் பாருங்க. இதுல நான் அசைய மாட்டேன். ஆனா ஒண்ணு கேட்கிறேன்: வரைவுல இருக்கிறது எம் (கார், பஸ்), என் (சரக்கு வண்டி) வகை மட்டும். சந்துல சத்தமில்லாம உரசிட்டுப் போற மின்ஸ்கூட்டரும் இ-ரிக்‌ஷாவும் எல் வகை, அதாவது ரெண்டு, மூணு சக்கர வண்டி. நாலு சக்கரத்துக்குக் கட்டாயம்னா இதை ஏன் விட்டாங்க?

வைகைக்கரை:
இந்த ஒரு கேள்வியில நான் உங்க பக்கம். ஸ்கூட்டருக்கு 10 கி.மீ.ல 50 டெசிபல் போதுமா, தச்சன் சார்?