காண்டாக்ட் லென்ஸைச் சொட்டு மருந்தில் ஊறவைத்து அணியலாமா?

கேள்வி:
கண் உலர்வுக்காக எட்டு மாதங்களாக 0.05 விழுக்காடு சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தைக் காலையும் மாலையும் விட்டு வருகிறேன். விட்டவுடனேயே பாதி மருந்து கன்னத்தில் வழிந்துவிடுகிறது. மென்மையான காண்டாக்ட் லென்ஸிலேயே மருந்தை ஏற்றி அணியும் முறை வந்துவிட்டது என்று நண்பர் ஒருவர் கூறுகிறார். அப்படியானால், என்னிடமுள்ள லென்ஸையே இரவில் இம்மருந்தில் ஊறவைத்துக் காலையில் அணியலாமா?

மறுமொழி 1:
கண் பரிசோதகர் என்ற முறையில் சொல்கிறேன்: தயவுசெய்து அவ்வாறு செய்யாதீர்கள். உங்கள் நண்பர் குறிப்பிட்டது, 2022 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் வழங்கிய ‘அக்யூவ்யூ தெராவிஷன்’ லென்ஸாக இருக்கலாம். ஒரு லென்ஸுக்கு 19 மைக்ரோகிராம் வீதம் அதில் இருப்பது கீட்டோட்டிஃபென் என்னும் மருந்து. அது ஒவ்வாமையால் வரும் அரிப்பைத் தடுக்குமே தவிர, கண் உலர்வுக்கானது அன்று. மேலும், கண்ணில் அமரும் லென்ஸ் கண்ணீர்ப் படலத்தை முன்னும் பின்னுமாக இரண்டாகப் பிரித்துவிடுவதால், முன்புறத்து மெல்லிய படலம் விரைவில் ஆவியாகிறது. அதாவது, உலர்வைப் போக்க வேண்டிய கருவியே உலர்வைக் கூட்டக்கூடும்.

மறுமொழி 2:
மேலே கூறியது சரியே. எனினும் இந்த எண்ணம் வீணானதன்று. ஒரு சொட்டின் அளவு 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணின் மேற்பரப்பில் இயல்பாக இருக்கும் கண்ணீரோ ஏறத்தாழ 7 மைக்ரோலிட்டர்தான். எஞ்சியது வழிந்தும், மூக்கினுள் வடிந்தும் சில நிமிடங்களில் போய்விடுகிறது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே மருந்து சிக்கிக்கொண்டால் நெடுநேரம் தங்கும் என்பதை, மென்மையான லென்ஸை உருவாக்கிய செக் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லேயே 1960களில் கருதியிருந்தார். இடர்ப்பாடு என்னவென்றால், ஊறவைத்த லென்ஸ் பெரும்பாலான மருந்துகளைச் சில மணி நேரத்திலேயே வெளியேற்றிவிடும். இதனால்தான் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அனுஜ் சௌகானின் குழுவினர் சிலிக்கோன் ஹைட்ரோஜெல் என்னும் மென்மையான பொருளாலான லென்ஸில் வைட்டமின் ஈ-யை ஏற்றினர். நீரில் கரையும் மருந்து அதைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருப்பதால் மெதுவாகவே வெளிவருகிறது. சைக்ளோஸ்போரினைக் கொண்டும் அவர்கள் ஆய்வகத்தில் சோதித்துள்ளனர். வீட்டில் ஊறவைக்கும்போது அளவும் தெரியாது, தூய்மையும் இராது. உங்கள் மருந்து பால்போல் வெண்மையாக இருந்தால், அதிலுள்ள எண்ணெய் லென்ஸில் படிந்து பார்வையையும் மங்கச் செய்யும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஊறவைக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். மருந்து வழிவதைத் தடுக்க வேறு வழியுண்டா?

மறுமொழி 1:
ஒரு சொட்டு போதும். கீழிமையை மெல்ல இழுத்துச் சொட்டை விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண் ஓரத்தை விரலால் இரண்டு நிமிடம் லேசாக அழுத்திக்கொள்ளுங்கள். லென்ஸ் அணிவதாயின், மருந்து விட்டுப் பதினைந்து நிமிடங்கள் கழித்தே அணியுங்கள்.